மிஷன் பள்ளி மாணவன் வேங்கடராமன்: இரு வரலாற்று நூல்களும் நம் சிறுவர் ஊழியமும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமத்தைத் திருச்சபையார் பிற சமயத்தாரின் நிலையம் என்ற அளவிலேயே அறிந்திருக்கின்றனர். அதற்குக் காரணரான ரமணர் மிஷன் பள்ளியில் பயின்றவர் என்பது நம் மாணாக்கரில் சிலருக்குப் புதுச்செய்தியாயிருக்கக்கூடும். 1879 டிசம்பர் 30இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1892இல் தந்தையை இழந்தபின் மதுரையில் சிற்றப்பாவின் வீட்டில் வளர்ந்தான். ஸ்காட் நடுநிலைப்பள்ளியிலும், பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளியிலும் படித்தான். கடல் கடந்து வந்து 1834 முதல் மதுரைச் சீமையில் பணியாற்றிய ஒரு மிஷன், தன் வகுப்பறையில் அமர்ந்திருந்த இச்சிறுவனை எவ்வளவு அறிந்திருந்தது? இக்கேள்வியோடு நரசிம்ம சுவாமி 1931இல் வெளியிட்ட ஆங்கில வரலாற்றையும், ஆர்தர் ஆஸ்பர்ன் 1954இல் எழுதியதையும் நாம் மீண்டும் படித்தல் தகும்.

இரு நூல்களிலும் பள்ளி வெறும் பின்னணியே. பந்தாட்டத்திலும் மல்லிலும் விருப்பமுடையவன், நினைவாற்றல் மிக்கவன், பாடத்தில் ஊக்கமற்றவன் என்பதோடு பள்ளிப் பருவம் முடிந்துவிடுகிறது. ஆஸ்பர்ன் மேனாட்டுச் சாதகர்களை மனத்திற்கொண்டு எழுதியவராதலின் மலையை நோக்கி விரைகிறார். சிறுசெய்திகளைத் தேடித் தொகுத்த நரசிம்ம சுவாமியே நமக்கு மிகுதியும் பயன்படுகிறார்.

கிறிஸ்தவர் சிலர் வேறொரு வகையில் அவசரப்படுகின்றனர். யாத்திராகமம் 3:14, சங்கீதம் 46:10 ஆகிய வசனங்களை ரமணர் பிற்காலத்தில் விரும்பி எடுத்துக்காட்டியது உண்மை. அதனை மிஷன் பள்ளி வேதபாடத்தின் கனி என்று பெருமை கொள்வதற்கு வரலாறு இடந்தரவில்லை. இளமையில் அவன் உள்ளத்தை அசைத்ததாக நூல்கள் கூறுவது வீட்டில் கிடைத்த பெரியபுராணம்.

1896ஆம் ஆண்டின் நடுவில், பதினாறு வயதில், மரணபயம் அவனைத் திடீரெனப் பற்றியது. அதன்பின் அவன் மாறிப்போனான். விளையாட்டையும் தோழரையும் விட்டு, மீனாட்சியம்மன் கோவிலுக்குச் சென்று அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் கண்ணீர் மல்க நின்றான். இந்த வாரங்களிலும் அவன் நம் பள்ளி மாணவனே. பள்ளியின் கண்ணில் பட்டதோ படிக்காத பாடம் ஒன்றுதான். பெயின் என்பாரின் ஆங்கில இலக்கணத்திலிருந்து ஒரு பகுதியை மும்முறை எழுதிவருமாறு தண்டனை கிடைத்தது. ஆசிரியரைக் குறைகூறுவது நம் கருத்தன்று. அக்காலப் பள்ளிகளில் அது வழக்கமே. ஆகஸ்ட் 29, சனிக்கிழமையன்று அதை எழுதிக்கொண்டிருக்கையில் பாதியில் நிறுத்தினான். தமையனின் கல்லூரிச் சம்பளத்திற்கென எடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை வழிச்செலவுக்கு வைத்துக்கொண்டு, தன் தந்தையைத் தேடிப் புறப்படுவதாகச் சீட்டெழுதி வைத்துவிட்டுப் போனான்.

தந்தையைத் தேடி! லூக்கா 2ஆம் அதிகாரத்தைப் போதிப்பதற்கென்றே எழுந்த நிறுவனம் அது. தேவாலயப் போதகர்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தம் நடுவே உட்காரவைத்து, அவர் கேட்கக் கேட்டனர் என்று 46ஆம் வசனம் காட்டுகிறது. தகப்பனை இழந்த ஒரு பிள்ளை சாவைக் குறித்துக் கேட்கக்கூடிய இடமாக நம் வகுப்பறை இருந்ததா என்பதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் வினா. அவன் கிறிஸ்தவனாகியிருப்பானா என்பது வேறு வினா, அது நமக்குரியதன்று.

திருவண்ணாமலைச் சிறுவரை நூல்கள் மெருகேற்றிக் காட்டவில்லை. செப்டம்பர் 1இல் வந்துசேர்ந்து மௌனமாயிருந்த இளைஞன்மீது அவர்கள் கல்லெறிந்தனர். பாதாளலிங்கக் குகையில் ஒடுங்கியும் தொல்லை தீரவில்லை. பின்னர் விரூபாட்ச குகையில் அவர் வாழ்ந்த ஆண்டுகளில் அவ்வூர்ப் பிள்ளைகள் தாமாகவே மலையேறிவந்து அவரருகே அமர்ந்தும் விளையாடியும் சென்றனர். இடையில் எந்த ஏற்பாடும் நடக்கவில்லை. அவர் 1899 முதல் 1916 வரை அங்கேயே இருந்தார், அவ்வளவே. மாற்கு 10:13-16இலும் ஆண்டவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதாகக் காணோம்; அணைத்துக்கொண்டார், ஆசீர்வதித்தார்.

இன்று தமிழகச் சபைகளுக்கு வெளிநாட்டு ஊழியக் குழுக்கள் பத்து நாள் பயணமாக வருகின்றன. ஆக்‌ஷன் பாட்டு, பொம்மலாட்டம், மிட்டாய், புகைப்படம் என்று நிகழ்ச்சி நிரம்பிவிடுகிறது. (காப்பகப் பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி தண்டனைக்குரியது என்பதை ஆயர்கள் அவர்களுக்குச் சொல்லிவைப்பது நலம்.) அவர்களுடைய அன்பை நாம் ஐயுறவில்லை. ஆயினும் எந்தப் பிள்ளையின் வீட்டில் சமீபத்தில் சாவு நேர்ந்தது, எவன் சில வாரங்களாகப் பேசாமலிருக்கிறான் என்பவற்றை அறிந்தவர் உள்ளூர் ஞாயிறுபள்ளி ஆசிரியை. அவரையோ பாட்டை மொழிபெயர்க்கவும் வரிசையை ஒழுங்குபடுத்தவும் நிறுத்திவிடுகிறோம். அடுத்த கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்குத் திட்டமிடும் ஆயர்கள், வரும் குழுவினரை முதல் இரண்டு நாளேனும் பாட்டும் படமுமின்றி அவ்வாசிரியையின் வகுப்பில் பின்வரிசையில் அமரச் செய்யலாம்.