முத்திரைக்குக் காத்திருக்குமோ நோய்?

நாம் பாடம் சொல்லும் வகுப்பில் ஒரு மாணவன் மூன்று நாட்கள் வரவில்லை. நான்காம் நாள் வந்தவனைக் காரணம் கேட்டோம். "அப்பாவோட கையெழுத்து வாங்கப் போயிருந்தேன் சார்" என்றான். தகப்பனார் கட்டடத் தொழிலாளி; இதய நோயாளி; எழுதப் படிக்கத் தெரியாதவர். காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். விண்ணப்பத்தைப் படித்துச் சொல்லப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை உடன் அலைந்திருக்கிறான். கூலியும் போயிற்று; படிப்பும் போயிற்று. அமராவதிபுதூரில் நாம் கண்டது இது.

இதைக் கேட்டதும், "அரசாங்கமென்றால் அப்படித்தான், மருத்துவத்தைத் தனியாரிடம் விட்டுவிடுங்கள்" என்பர் ஒரு சாரார். "ஏழைக்காக வந்த திட்டம், குறை கூறாதீர்" என்பர் மறு சாரார். இரண்டையும் உரைத்துப் பார்ப்பதே பகுத்தறிவு.

அலுவலகம் வளர்வதே தீமை என்பது வரலாறு அறியாதார் வாதம். 1939-இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிற்று. இந்தியாவில் அத்தகைய முதற்சட்டம் அதுவே. குடிநீரையும் கொள்ளைநோயையும் கவனிக்கத் தனித் துறையை இம்மாநிலம் பேணி வந்தது. அம்மை குத்தவும் மலேரியாவை விரட்டவும் ஊர் ஊராக நடந்தவர் அத்துறை ஊழியரே. அவர்களை வேண்டாமென்பவர் யார்?

1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றியது. மருந்துகளை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கும் முறை வந்தது. மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குப் புத்தகம். அதிலுள்ள தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். பின்னர் கேரளமும் இராஜஸ்தானும் இவ்வழியில் நடந்தன. இதுவும் அலுவலகந்தான், இங்கும் கோப்பு உண்டு. ஆனால் அக்கோப்பைச் சுமப்பது அலுவலகம், நோயாளியன்று.

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. இவற்றால் அறுவை சிகிச்சை பெற்று உயிர் பிழைத்த ஏழைகள் பலர். அதை நாம் மறைக்கமாட்டோம். எனினும், இங்கே சுமை தோள் மாறிவிட்டது. ஏழை, தான் ஏழை என்பதைத் தானே மெய்ப்பிக்க வேண்டியவனானான். ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. சான்று கேட்பது மட்டும் ஓயவில்லை. நாட்கூலியின் வருமானத்தை எந்த ஏடு காட்டும்? அவன் வாய்ச்சொல்லைக் கேட்டுத்தானே அலுவலரும் எழுதவேண்டும்?

பணமில்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்றது, சர் சோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் தந்த அறிக்கை. பணமில்லை என்ற சொல் போய், தாளில்லை என்ற சொல் வந்தால் அது சீர்திருத்தமாகுமா? இங்கிலாந்தில் 1948-இல் தொடங்கிய தேசிய மருத்துவப் பணியில், மருத்துவரைக் காண வருபவனிடம் வருமானச் சான்று கேட்பதில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சீட்டு எழுதிக்கொண்டு உள்ளே போகலாம். காய்ச்சலுக்கு வேண்டாத சான்று இதய நோய்க்கு மட்டும் எதற்கு? நோய் பெரிதானால் தாளும் பெரிதாக வேண்டுமா?

தாயத்துக் கட்டினால் நோய் தீரும் என்ற மடமையைச் சாடியவர்கள் நாம். முத்திரை விழுந்தால்தான் வறுமை மெய்யாகும் என்ற மடமையை மட்டும் வணங்குவதா?

ஆட்குறைப்பு அன்று நாம் கேட்பது, வேலை மாற்றம். குடும்ப அட்டை விவரம் அரசின் கையிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துச் சரிபார்ப்பது அலுவலகத்தின் வேலையாகட்டும். சிகிச்சை முன்னே நடக்கட்டும். சான்று பின்னே வரட்டும்.

இளைஞர்களே! அந்நாள் வரும்வரை, படிப்பகத்தில் மாலைதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எழுத்தறியாதார் விண்ணப்பங்களை நிரப்பித் தாருங்கள். ஆனால் அத்துடன் அமைதியடைந்துவிடாதீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடி வந்தது. மருந்து வீடு தேடி வரக்கூடுமாயின், சான்று ஏன் வரக்கூடாது? இதைக் கேளுங்கள், விடை வரும்வரை கேளுங்கள்!