வேட்டைக்காரரின் நூற்பொதி: கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு நோக்கு

இலங்கை பற்றி ஆங்கிலத்தில் எழுந்த வேட்டை நூல்களை நமது தமிழ் விமர்சனம் பெரிதும் பொருட்படுத்தியதில்லை. வரலாற்றாசிரியர் அவற்றிலே தகவலைத் தேடுவர். விலங்கியலார் விலங்குகளைத் தேடுவர். இலக்கிய மாணவரோ அவற்றைப் பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கிவிடுவர். ஆயின், ஆளும் வர்க்கமொன்று தன் ஓய்வு நேரத்தில் எதை எழுதிற்று, எதை வாசித்தது, எதைத் தன் கூட்டாளிகளுக்குக் கைமாற்றியது என்பன அதன் கருத்துநிலையை அறிவதற்கு அரசாணைகளுக்குக் குறையாத சான்றுகளாகும். திருகோணமலைத் துறைமுகத்தையும் அதன் தென்புறத்துக் கொட்டியாரக் குடாவையும் நிலைக்களனாகக் கொண்டு இந்நூல்களை ஒரு தொடர்ச்சியாக நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

இத்தொடர்ச்சி கொட்டியாரக் குடாவிலேயே தொடங்குகிறது எனலாம். 'ஆன்' என்னும் கப்பலில் வந்த றொபேட் நொக்சும் அவரது தந்தையும் வேறு சிலரும் 1660ஆம் ஆண்டில் மூதூரை அண்டிய கரையில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை அடுத்த ஆண்டிலேயே காய்ச்சலால் இறந்தார். மகன் கண்டி இராச்சியத்துள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். அவரது நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. டானியல் டீஃபோவின் 'றொபின்சன் குறூசோ' (1719) இந்நூலுக்குக் கடன்பட்டதென ஆய்வாளர் பலர் கருதுவர். 'கப்டன் சிங்கிள்டன்' (1720) என்னும் நாவலிலோ நொக்சின் கதை வெளிப்படையாகவே சுருக்கித் தரப்படுகிறது. ஆகவே ஐரோப்பிய சாகச நாவலின் தோற்றத்துடன் நமது கரையொன்றுக்குத் தொடர்புண்டு.

நொக்ஸ் வேட்டைக்காரரல்லர், பிடிபட்டவர். சிறைவாசத்தின் தொடக்கத்தில் அவரிடமிருந்தவை இரண்டு சமய நூல்களே. போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த வேளையில் ஆங்கில விவிலியமொன்று முதியவர் ஒருவரின் கைக்குச் சென்றிருந்தது. பின்னற் தொப்பியொன்றைக் கொடுத்து நொக்ஸ் அதனைப் பெற்றுக்கொண்டார். தொப்பி பின்னியும் ஊரூராய்ப் பண்டம் விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் வாழ்ந்தவர் அவர். அதனாலேயே உழவும் அறுவடையும் கடனும் வட்டியும் அவரது நூலில் விரிவான இடம்பெறுகின்றன. உற்பத்தியுடன் எழுத்தாளனுக்குள்ள உறவு எழுத்தின் உள்ளடக்கத்தை நிர்ணயிப்பதற்கு இது தெளிவானதோர் எடுத்துக்காட்டு. எனினும் றொபேட் ஹூக்கின் முன்னுரையோடும் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆதரவோடும் வெளிவந்தபோது, கைதியின் அனுபவம் வணிக மூலதனத்துக்கு வேண்டிய தகவலாகவும் மாறிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதுவோனின் நிலை முற்றாக மாறுகிறது. 1795இல் திருகோணமலையும் 1815இல் கண்டியும் பிரித்தானியர் வசமாயின. இனி நூலெழுதுபவர் துப்பாக்கியும் உத்தியோகமும் உடையவர். மேஜர் ஃபோப்ஸ் 1840இல் வெளியிட்ட 'இலங்கையில் பதினொரு ஆண்டுகள்' என்னும் நூலின் நீண்ட தலைப்பு வேட்டை விளையாட்டையும் நாட்டின் வரலாற்றையும் தொல்பொருள்களையும் ஒருங்கே பொருளாகக் குறிக்கின்றது. சாமுவேல் பேக்கரின் இரு நூல்கள் 1854இலும் 1855இலும் வெளிவந்தன. குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட பெருநூலில் நொக்சையும் பேக்கரையும் எடுத்தாளுகிறார். 1907இல் ஹரி ஸ்ரோறி தமது வேட்டை நூலைப் பிற வேட்டைக்காரரின் கட்டுரைகளையும் சேர்த்தே வெளியிட்டார். இவ்வாறு ஒருவரது நூல் மற்றவருக்கு வழிகாட்டியாகின்றது. வேட்டைக்காரர் தம்முள் நூல்களைப் பகிர்ந்துகொண்டமை தனிப்பட்ட இரசனை மட்டுமன்று. ஒரு வர்க்கத்தின் கூட்டு நினைவு உருவான முறையும் அதுவே.

இவர்களுக்கு வேட்டையும் வரலாறும் ஏன் ஒரே நூலுக்குள் அடங்கின? பேக்கர் மின்னேரியாவின் கரையில் யானைகளைச் சுடுகிறார். அழிந்த நகரங்களையும் பாழடைந்த குளங்களையும் கண்டு பழம்பெருமையை வியக்கிறார். காட்டில் வாழும் வேடரையோ இகழ்ச்சியுடன் குறிப்பிடுகிறார். இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவன. பழைய நாகரிகம் மகத்தானது, அதனைப் படைத்தோர் மறைந்தனர், எஞ்சியோர் அதற்கு உரியவரல்லர் என்பதே இங்கு உள்ளோடும் தருக்கம். அங்ஙனமாயின் நிலம் ஆளற்றதாகிவிடுகிறது. ஃபோப்சின் நூல் வெளிவந்த அதே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. சட்டம் நிலத்தில் செய்ததை வேட்டை நூல் வாசகரின் மனத்தில் செய்தது.

3

இவ்வாசிப்புப் பண்பாட்டின் உச்சத்தை இலங்கைக்கு வெளியே காணலாம். அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து நீங்கிய தியடோர் றூஸ்வெல்ற் 1909இல் ஆபிரிக்காவுக்கு வேட்டையாடச் சென்றபோது, பன்றித்தோலால் கட்டப்பட்ட நூல்கள் பலவற்றை உடன்கொண்டு சென்றார். ஹோமர், ஸ்கொட், மக்கோலே, கார்லைல் முதலியோருடன் மகனின் கடலாதிக்க நூலும் அவற்றிலடங்கும். 1890இல் வெளிவந்த இந்நூலுக்கு அவ்வாண்டிலேயே மதிப்புரை எழுதியவர் றூஸ்வெல்ற். 1660 முதல் 1783 வரையான கடற்போர்களை ஆராயும் அந்நூலில், 1782இல் திருகோணமலைக்காகப் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் பொருதியமை இடம்பெறுகிறது. நமது துறைமுகம் அவ்வழியே கிழக்காபிரிக்கக் கூடாரமொன்றுக்குள்ளும் நுழைந்தது. ஆனால் அதில் துறைமுகம் உண்டு. துறைமுகத்து மக்கள் இல்லை.

அந்நூற்பொதியின் நிறை அறுபது இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு என்றும், அது ஒரு சுமைகாரனுக்குரிய சுமை என்றும் றூஸ்வெல்ற் கணக்குச் சொல்கிறார். இங்கே வாசிப்பின் பொருளாதார அடித்தளம் வெளிப்படுகிறது. நூல்களுக்குப் பெயருண்டு, பட்டியலுண்டு; அவற்றைச் சுமந்தவன் அந்தக் கணக்கில் நிறையின் அலகாக மட்டுமே தோன்றுகிறான்.

4

கொட்டியாரப் பற்றுக்கும் அதனைச் சூழ்ந்த நிலத்துக்கும் தமக்கேயுரிய வேட்டைத் தொழிலாளர் இருந்தனர். வடக்கிலும் வடகிழக்கிலுமுள்ள முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்த பணிக்கரைப் பற்றி டெனன்ற் எழுதியுள்ளார். எருமைத்தோலாலோ மான்தோலாலோ ஆன கயிறொன்றை மட்டுமே கருவியாகக் கொண்டு, இருவர் மாத்திரம் சென்று பெரும் யானையையும் பிணித்துவிடுவர் என வியப்புடன் கூறுகிறார். பிடிபட்ட யானைகள் தென்னிந்திய அரசர்களுக்கு விற்கப்பட்டன. வேட்டை இவர்களுக்குச் சாகசமன்று, தொழில்.

மேஜர் றொஜேர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் போற்றப்பட்டார். ஆனால் 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வட மாகாணத்தில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என டெனன்ற் தருங் கணக்கை நோக்குக. தலைக்குச் சில சிலிங் வெகுமதிக்காக அவற்றைக் கொன்றோர் உள்ளூரவரே. அவ்வழிவிற் பெரும்பங்கு கூலிக்குரியது. புகழோ விளையாட்டுக்கே உரியதாயிற்று. கூலிக்குக் கொன்றவன் நூலெழுதவில்லை.

மூதூர், ஈச்சிலம்பற்று, வாகரைப் பகுதிகளில் வாழும் கரையோர வேடரின் நிலையும் இத்தகையதே. தமிழ் பேசி, மீன்பிடித்தும் காட்டுப்பொருள் சேகரித்தும் வாழ்ந்த இம்மக்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட 'வேடர்' என்னும் நூலில் தனி இயலொன்று உண்டு. கடல்கடந்து வந்தவையாகக் கருதப்பட்ட கப்பற்பேய்களுக்கு அவர்கள் செய்த சடங்கும் அதிற் பதிவாகியுள்ளது. நொக்சின் கப்பல் ஒரு நூலாயிற்று. அதே கரைக்கு வந்துபோன கப்பல்கள், எழுத்தற்ற மக்களிடம் அமைதிப்படுத்தப்பட வேண்டிய பேய்களாயின. இரண்டுமே வரலாற்றுணர்வின் வடிவங்கள் என்பது நமது கருத்து. ஒன்றை இலக்கியமென்றும் மற்றதை மூடநம்பிக்கையென்றும் பிரிப்பது வர்க்கச் சார்புடைய பிரிப்பாகும்.

விதிவிலக்காக லெனாட் வுல்ஃபின் 'காட்டினுள் கிராமம்' (1913) என்னும் நாவலைக் குறிப்பிடலாம். அதில் வேட்டைக்காரனான சிலிந்து வழிகாட்டியல்லன், தலைமைப் பாத்திரம். சேனை நிலத்துக்கான அனுமதியும் கடனும் அவனை நெரிக்கின்றன. வேட்டைக்காரனே வேட்டையாடப்படுபவனாகும் இவ்விடத்தில் சாகச வடிவம் உடைந்துபோகிறது.

5

எனவே வேட்டை நூல்களை ஒதுக்கிவிட வேண்டுமா? அவ்வாறு கருதுவது தவறாகும். தன் வர்க்கத்தைப் போற்றுவதற்கு எழுதப்பட்ட எழுத்தே அவ்வர்க்கத்துக்கு எதிரான சான்றையும் உள்ளடக்கியிருக்கும். சுமையின் நிறையும் வெகுமதிக் கணக்கும் பணிக்கரின் கயிறும் அந்நூல்களிலிருந்தே நமக்குக் கிடைத்தவை. அவற்றை ஓரத்திலிருந்து மையத்துக்குக் கொணர்வதே விமர்சனத்தின் பணி.

குற்றம் பிரித்தானியரோடு முடிந்துவிடுவதுமில்லை. குறிஞ்சி வேட்டுவரைப் பாடங்களிற் போற்றும் நமது தமிழ்க் கல்வி, அயலிலுள்ள வேடரைச் சாதிப் படிநிலையின் அடியில் வைத்தே நோக்கிவந்துள்ளது. முஸ்லிம் பணிக்கரின் அறிவு மரபும் 'தமிழர் வரலாறு' என்ற வரையறைக்குள் இலகுவில் இடம்பெறுவதில்லை. 2006ஆம் ஆண்டின் போரில் மூதூர்ப் பிரதேசத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். இடம்பெயரும் மக்களிடம் வாய்மொழி மரபு தொடர்ந்து நிலைப்பது அரிது. நொக்சின் நூல் எப்போதும் நூலகத்தில் கிடைக்கும். வேடரதும் பணிக்கரதும் சொற்களையும் சடங்குகளையும் காட்டறிவையும் அவர்களின் வாயிலாகவே பதிந்து, பெற்றதை அவர்களிடமே மீளக் கையளிக்கும் ஆய்வுகளை நமது தமிழ்த் துறைகள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளல் வேண்டும்.