பரிசு பெற்ற எரிமலை

பிப்ரவரித் திங்கள் வந்துவிட்டால் இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் அறிவியலுக்குத் திருவிழாக் கோலம் பூட்டிவிடுகிறார்கள். வாயிலில் தோரணம், மேடையில் குத்துவிளக்கு, தலைமை தாங்கச் செல்வர் ஒருவர். உள்ளே, அட்டையில் செய்த எரிமலை சமையல் சோடாவும் காடியும் கலந்து பொங்குகிறது. பரிசும் பெரும்பாலும் அதற்கே! அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் கடமை என்று 1976-இல் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆயினும், திறப்புவிழாவுக்கு இராகுகாலம் பார்த்து நேரம் குறிப்பவர் இன்னும் உளர்.

கண்காட்சியே கூடாதென்பதன்று நம் வாதம். 1928 பிப்ரவரி 28-இல் இராமன் கண்ட உண்மையைப் போற்றித்தான் 1987 முதல் அந்நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்கு வித்திட்டது எது? 1921-இல் கப்பலில் திரும்புகையில், கடல் ஏன் நீலம் என்று அவர் கேட்ட கேள்வி! அது வானத்தின் பிரதிபலிப்பே என்று அறிஞர் ராலே முன்பே கூறியிருந்தார். பெரியவர் சொன்னாரென்று இராமன் அடங்கிவிடவில்லை. கையிலிருந்த சிறு படிகக் கருவியால் அந்தப் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். நீலம் அப்போதும் நின்றது.

அத்தகைய கேள்வி நம் மண்ணில் இல்லையா? இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்கிறார்கள். தறியிலிருந்து இறங்கிய துணித்துண்டை நீரிலிட்டால் மிதக்கிறது. வெளுத்த துணியோ நொடியில் நனைந்து அமிழ்கிறது. ஏன்? பஞ்சிழையின்மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. அது நீரை ஒட்டவிடாது. எரிசோடா இட்டுக் காய்ச்சி அதைப் போக்கினால்தான் துணி குருதியை உறிஞ்சும். இதைக் காட்ட ஒரு கிண்ணம் நீரும் இரண்டு துணித்துண்டும் போதும். தறிக்காரர் மகள் இதைச் செய்து காட்டலாம். காட்டிவிட்டு, காய்ச்சிய அந்த நீர் எங்கே போகிறது என்றும் அவள் கேட்கக்கூடும். அக்கேள்வியைத் தலைமை தாங்கும் செல்வர் விரும்புவாரா?

திருவில்லிபுத்தூர்ப் பிள்ளையைக் கேளுங்கள், கோபுரத்தின் உயரத்தை அடி பிசகாமல் சொல்லும். மேற்கே மலையில் சாம்பல் நிற அணிலுக்கென்று 1988-இலேயே சரணாலயம் அமைத்தார்களே, ஏன் என்றால் விழிக்கும். கிளைகள் கோத்துக் கிடந்தால்தான் அவ்வணில் மரம்விட்டு மரம் தாவும் என்பதை எந்த அட்டை மாதிரி சொல்லிற்று?

நல்ல வழி இல்லாமற் போகவில்லை. 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, தம் ஊரின் சிக்கலைத் தாமே ஆராயும்படி பிள்ளைகளைக் கேட்கிறது. ‘இன்ஸ்பயர்’ விருதும் மாணவரின் சொந்தக் கருத்துக்குத்தான் 10,000 ரூபாய் தருகிறது. ஆனால் எந்தத் திட்டமாயினும், ஆசிரியர் எழுதியதை மாணவர் ஒப்புவித்தால் அது மனப்பாடப் போட்டியே. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாமே இதைச் சொல்ல நாணவேண்டியதில்லை.

நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்ணத்தையும் விளக்கையும் விட்டுவிட்டு, “இதை நீ எப்படிக் கண்டாய்?” என்று அந்தப் பெண்ணைக் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை எரிமலைப் பக்கம் நகராதீர்கள்.