கடிதத்தை எரித்த தாய்

அரசியல் பயங்கரத்தைப் பற்றி எழுத உட்காருகிற நாவலாசிரியன் பெரும்பாலும் சிறைச்சாலைக்குள்தான் நுழைகிறான். 1940இல் வெளிவந்த ஆர்தர் கோஸ்லரின் நாவலில் பழைய புரட்சிக்காரரான ருபாஷோவ், தம் சிறை அறையில் நடந்து நடந்து யோசித்தே, செய்யாத குற்றங்களை ஒப்புக்கொள்ளும் இடத்துக்கு வந்து சேருகிறார். நல்ல நாவல்தான். ஆனால் ருபாஷோவ் மகா புத்திசாலி. அவருடைய வீழ்ச்சியிலும் ஒரு தர்க்கம் இருக்கிறது. தர்க்கம் தெரியாத சாதாரண ஜனங்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு அங்கே பதில் இல்லை.

அந்தப் பதிலை ஏறக்குறைய அதே சமயத்தில், லெனின்கிராடில், பள்ளிக்கூட நோட்டுப் புஸ்தகம் ஒன்றில் ரகசியமாக எழுதிக்கொண்டிருந்தார் லிதியா சுகோவ்ஸ்கயா. அவருடைய கணவர், பௌதிக விஞ்ஞானி மத்வேய் பிரான்ஷ்டைன், 1937 ஆகஸ்டில் கைதானார். 1938 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடும்பத்துக்குச் சொன்னதோ, பத்து வருஷச் சிறை, கடிதம் எழுத உரிமை இல்லை என்று. அந்த இரண்டு வருஷங்களில் சுடப்பட்டவர்கள் 6,81,692 பேர் என்று சோவியத் அரசாங்கத்தின் சொந்தக் கணக்கே சொல்லுகிறது. பிரதேசத்துக்கு இத்தனை பேர் என்று முன்கூட்டியே தொகை வகுத்துக் கொடுத்து நடந்த காரியம் அது.

இவ்வளவு துக்கத்தைச் சுமந்தவர் தம்மையே கதாநாயகியாக்கிக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாததுதான் 'ஸோபியா பெத்ரோவ்னா' என்ற இந்தச் சிறு நாவலின் முதல் வெற்றி. ஸோபியா ஒரு டாக்டரின் விதவை. பிரசுராலயம் ஒன்றில் டைப்பிஸ்டுகளுக்குத் தலைவி. பத்திரிகையில் அச்சானதெல்லாம் சத்தியம் என்று நம்புகிறவள். மகன் கோல்யாவின் படமே 'பிராவ்தா'வில் வருகிறது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவனையே பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பதற்காக அவள் நாள் கணக்கில் வரிசையில் நிற்கிறாள். சுற்றிலும் நிற்பவர்களெல்லாம் உளவாளிகளின் தாய்மார்கள், நாசகாரர்களின் மனைவிமார்கள், தன் மகன் விஷயத்தில் மட்டும் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று நினைக்கிறாள். பயங்கரத்தின் முழுச் சாமர்த்தியமும் இந்த ஒரு நினைப்பில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. அத்தனை பேரை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரையும் தனியாளாக்கிவிடுகிறது. துக்கம் பொதுவானது என்று தெரிந்தால் அல்லவா ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியும்?

டைப் அடிக்கும் நதாஷா, 'செஞ்சேனை' என்பதில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டிவிடுகிறாள். ருஷிய பாஷையில் அது எலிச் சேனை என்று தொனிக்கிறது. வேலை போகிறது; பின்னால் தன் உயிரையும் போக்கிக்கொள்கிறாள். ஆசிரியை குரலை உயர்த்தாமல், ஆபீஸ் சமாசாரம் சொல்வது போல இதைச் சொல்லிப் போகிறார். நமக்குத்தான் நெஞ்சை அடைக்கிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கோல்யா நிழலாகவே நின்றுவிடுகிறான். உற்சாகமான இளைஞன் என்பதற்கு மேல் அவனை நாம் அறிந்துகொள்வதில்லை. ஆனால் கடைசிப் பக்கங்கள் அந்தக் குறையை மறக்கச் செய்துவிடுகின்றன. மகனிடமிருந்து ரகசியமாக ஒரு கடிதம் வருகிறது. அடித்த அடியில் ஒரு காது கேட்கவில்லை. மனுப் போடு அம்மா என்று கெஞ்சுகிறான். மனுப் போட்டால் உனக்கே ஆபத்து என்கிறாள் விவரம் தெரிந்த ஒருத்தி. தாய் கடிதத்தைக் கொளுத்துகிறாள். நெருப்பைத் தரையில் போட்டுக் காலால் மிதிக்கிறாள்.

ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்று சில வாசகர்கள் கேட்கலாம். அவள் கல்நெஞ்சக்காரி அல்ல. அச்செழுத்தை நம்பியே வாழ்ந்தவள். அந்த நம்பிக்கை போன பிறகு அவளிடம் மிஞ்சியது பயம் ஒன்றுதான். மகனின் கையெழுத்தைக் காப்பாற்ற அது போதவில்லை.

நாவலை வெளியிட ஒப்புக்கொண்ட சோவியத் பிரசுராலயம் 1963இல் பின்வாங்கிவிட்டது. 1965இல் அது பாரிஸில் வெளிவந்தது. சொந்த நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நோட்டுப் புஸ்தகத்தை ஒளித்து வைத்திருந்த நண்பர், யுத்தத்தில் லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டபோது பட்டினியால் இறந்துபோனார். சாவதற்கு முன் அதைத் தம் சகோதரியிடம் பத்திரமாக ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.