பதினைந்து பைசா பூமி

1964 டிசம்பர் 14 அன்று வெளியான 15 பைசா தபால்தலை ஒன்றை, சேகரிப்பவர்கள் ஆல்பத்தில் செருகிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். டெல்லியில் கூடிய 22ஆவது சர்வதேச நிலவியல் மாநாட்டுக்காக வந்தது அது. 1878இல் பாரிசில் தொடங்கிய இந்த மாநாடு ஆசியாவில் கால்வைத்தது அப்போதுதான். தபால்தலையில் ஒரு பூமி உருண்டை, மாநாட்டுச் சின்னம், ஒற்றைப் பச்சை மை, வேறொன்றும் இல்லை. ரசிகர்கள் கொண்டாடுவது 1951இன் 2 அணா தபால்தலையை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் நூற்றாண்டுக்கு வந்த அதில், சிவாலிக் மலையடிவாரத்தில் புதைபடிவமாகக் கிடைத்த ஸ்டெகோடான் கணேசா என்ற பழைய யானையினம் நீண்ட தந்தங்களோடு நிற்கிறது. அந்த அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு துறை தன் வீட்டுப் பொக்கிஷத்தைக் காட்டலாம். பல நாட்டார் கூடும் சபைக்கு அது பொருந்தாது. அங்கே உருண்டைதான் சரி என்பது என் கட்சி.

உருண்டை தேய்ந்துபோன உருவம் என்பார்கள். உண்மைதான். 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுத் தபால்தலையிலும் புத்தகத்தோடு ஓர் உருண்டை உண்டு. ஆனால் அங்கே அது தமிழ் பரவியிருப்பதைச் சொல்லும் உவமை. நிலவியலுக்கோ உருண்டை உவமை அல்ல, பேசுபொருளே அதுதான். ஒரே உருவம் ஓரிடத்தில் அலங்காரமாகிறது, இன்னோரிடத்தில் பொருளாகிறது. வடிவத்தை மட்டும் பார்த்து மதிப்பிட்டால் இந்த வேறுபாடு கைநழுவிப் போகும்.

நம் மண்ணின் அடையாளம் எங்கே என்ற கேள்வி இதைவிடக் கனமானது. பதிலை ஒரு கல் சொல்லும். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடப்பது நம் பல்லாவரம், பறங்கிமலைப் பக்கத்துப் பாறை. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறைவகைக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். இன்று அண்டார்டிகாவில் அவ்வகைப் பாறையைக் கண்டாலும் பெயர் அதேதான். பாறைக்கு ஊர் எல்லை தெரியாது. அதனால்தான் அதைப் படிக்கிறவர்கள் உலகளவில் கூட வேண்டியிருக்கிறது. ஸ்டெகோடானை வைத்திருந்தால் இந்த நியாயம் யானையின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் பரளச்சிப் பக்கம் கிணறு வெட்டுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலே கரிசல், அடியில் சுக்கான், அதற்கும் கீழே கடப்பாரை துள்ளும் பாறை. அந்தப் பாறைக்கு மேலே அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று எல்லை பிரித்துப் பெயர் வைக்கலாம். கீழே அது பிரியாமல் ஓடுகிறது. அதே வட்டாரத்துப் பந்தல்குடியில் வெட்டியெடுக்கிற சுண்ணாம்புக்கல் சிமென்ட்டாகி எந்தெந்த ஊர்ச் சுவரிலோ ஏறுகிறது. 15 பைசா அன்று ஒரு சாதாரணக் கடிதத்துக்கான கட்டணம். அறிஞர் சபையின் பூமி, பருத்தி விலை எழுதிய உறையிலும் ஒட்டிக்கொள்ளும் விலையில் வந்தது. யாருடைய ஊரையும் தனியே வரையாததால்தான் எந்த ஊர் உறைமேலும் அது அந்நியமாகத் தெரியவில்லை.