மைக் பட்டன் என்னும் இலவச இங்கிலீஷ் வாத்தியார்

ஆங்கிலம் பேசப் பழக வேண்டும் என்று ப்ளே ஸ்டோரில் தேடினால் ஆப்கள் வரிசை கட்டி வரும். பலவும் முதலில் இலவசம் என்று கூப்பிட்டு, பிறகு சந்தா கேட்பவை. அவற்றில் எதைப் பற்றியும் இங்கே எழுதப்போவதில்லை. டைப் அடிக்கச் சோம்பலாக இருந்தால் வாட்ஸ்அப்பில் அழுத்துவோமே, போன் கீபோர்டில் இருக்கும் அந்த மைக் பட்டனைத்தான் பரிசோதித்தேன்.

கீபோர்டின் மொழிப் பட்டியலில் இந்திய ஆங்கிலத்தைச் சேர்த்து, நோட்ஸ் ஆப்பைத் திறந்து, மைக்கை அழுத்திப் பேச வேண்டியதுதான். வேறு ஏற்பாடு கிடையாது.

முதலில் தனிச்சொற்கள். மேற்குத் திசைக்கும் ‘வெஸ்ட்’, பனியனுக்கும் ‘வெஸ்ட்’. தமிழ் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். பனியனுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். மேற்குக்கு உதடு குவிய வேண்டும், பல் படக்கூடாது. பல் பட்டபடி மேற்கைச் சொன்னேன். திரையில் பனியன் வந்து நின்றது. அரிசிக்கும் எழுவதற்கும் உள்ள ‘ரைஸ்’ இன்னொரு ஜோடி. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். கடைசி ஒலியில், எழுவதற்கு அதிர்வு தெரியும், அரிசிக்குத் தெரியாது. நகல் எடுக்கும் காப்பி, குடிக்கும் காபி என்று இந்த விளையாட்டை நீட்டிக்கொண்டே போகலாம்.

அடுத்துதான் வேடிக்கை. அதே கோணல் உச்சரிப்போடு, சூரியன் மேற்கில் மறைகிறது என்பதை ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகச் சொன்னேன். பிழையில்லாமல் எழுதிவிட்டது! பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் காதில் விழுந்ததை மட்டும் நம்புவதில்லை. முன்பின் சொற்களை வைத்து, இந்த இடத்தில் எது வரும் என்றும் கணிக்கிறது. உச்சரிப்புத் தேர்வு என்று பார்த்தால் இது பெரிய ஓட்டை.

எனக்குப் பிடித்ததே அந்த ஓட்டைதான். எதிரே உட்கார்ந்து கேட்கும் மனிதரும் இப்படித்தானே கேட்கிறார்? வாக்கியம் முழுசாக வந்தால், நாம் விட்டதை அவரே நிரப்பிக்கொள்வார். ஒவ்வொரு சொல்லாக யோசித்து உதிர்ப்பவரின் பேச்சுதான் புரியாமல் போகிறது. சொல்லுக்குச் சொல் மார்க் போட்டு, தப்பைச் சிவப்பில் காட்டும் ஆப்கள் ஒலியைத் திருத்தலாம். ஆனால் ஏற்கெனவே கூச்சப்படுபவர் நாலு சிவப்பைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார். மைக் பட்டன் மார்க் போடுவதில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தால் அணைந்துவிடும், அவ்வளவுதான். அந்தச் சின்னக் கெடுபிடி நல்லதே.

இலக்கணம் இதற்குப் பொருட்டில்லை. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொன்னாலும் எழுதிவைக்கும். ‘டெவலப்’ என்பதில் நடு அசைக்குப் பதில் முதல் அசையை அழுத்தினாலும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஏற்ற இறக்கம் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் பேசியது எழுத்தாகக் கண்முன் இருப்பதால், திருத்தும் வேலையை நாமே செய்யலாம். ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கும் நம்மூர் செல்ஃப் இன்ட்ரோவை ஒருமுறை திரையில் படித்துப் பாருங்கள். இன்டர்வியூவுக்கு முன்பே மாற்றிவிடுவீர்கள்.

நாம் பேசுவது எங்கே போகிறது என்ற சந்தேகம் நியாயமானது. 2019 மார்ச்சில் கூகுள், ஜிபோர்டு கீபோர்டில் இணையம் இல்லாமலே பேச்சை எழுத்தாக்கும் புதிய மாடலைக் கொண்டுவந்தது. 80 எம்பி அளவுக்குச் சுருக்கிய அந்த மாடல், முதலில் பிக்ஸல் போன்களில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு மட்டும் கிடைத்தது. உங்கள் போனில் ஆஃப்லைன் வசதி இருக்கிறதா என்று வாய்ஸ் டைப்பிங் செட்டிங்கில் பாருங்கள். இல்லையென்றால் குரல் சர்வருக்குப் போகிறது என்றே வைத்துக்கொண்டு, சொந்த விஷயங்களைத் தவிர்த்துவிடுங்கள். காலையில் பேப்பரில் படித்த கிரிக்கெட் செய்தி போதும்.

ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படுபவருக்கு இது உதவாது. திரையில் வந்தது சரியா என்று அவரால் சொல்ல முடியாது. படித்தால் புரியும், எழுதவும் வரும், வாய்தான் திறக்கவில்லை என்பவர்கள், ஏதாவது சந்தாவுக்குப் பணம் கட்டும் முன் ஒரு மாதம் இதில் பேசிப் பார்க்கலாம்.