கல்லெழுத்தும் கல்லச்சும்: நாடகச் சுவரொட்டிகளை மொழிபெயர்த்தல்

கொச்சி மட்டாஞ்சேரியைச் சார்ந்த கொச்சங்காடியில் முன்பு இருந்த யூதத் தொழுகைக்கூடத்தின் எபிரேயக் கல்வெட்டு 1344-ஆம் ஆண்டினது. அது பின்னர், 1568-இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடத்தின் வளாகச் சுவரில் பதிக்கப்பட்டது. இத்தகையதைத் தமிழ் 'கல்லெழுத்து' என்று வழங்கும். 'லித்தோகிராபி' என்னும் கிரேக்க வழிச் சொல்லைப் பிரித்துப் பெயர்த்தாலும் கிடைப்பது கல்லெழுத்தே. எனினும் இரண்டும் வேறு. கல்வெட்டு உளியால் வெட்டப்படுவது. மற்றதில் கல் வெட்டப்படுவதில்லை. எண்ணெய்ப்பசையும் நீரும் ஒன்றையொன்று விலக்குவதால், வழவழப்பான கல்லின்மேல் வரைந்தது தாளில் பதிகிறது. தமிழும் மலையாளமும் இதனைக் 'கல்லச்சு' என்றன. சொல்லின் உறுப்புகளை விடுத்துச் செயலைப் பெயர்த்தமையே இதன் சிறப்பு.

மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டிய மற்றொன்று பயன்பாட்டு வேறுபாடு. கேரளத்தில் கல்லச்சு முதலில் எழுத்துக்கு உதவிற்று. 1847-இல் தலைச்சேரியில் வெளிவந்த 'ராஜ்யசமாசாரம்' கல்லச்சு இதழாகும். பாரிசில் ஷூல் ஷெரே முதலியோர் வண்ணத்திற்கொரு கல்லாக அமைத்துப் படச் சுவரொட்டிகளை உருவாக்கினர். அமெரிக்க நாடகக் குழுக்களும் இவற்றையே நம்பின. அகஸ்டின் டேலியின் 'அண்டர் த கேஸ்லைட்' (1867) நாடகத்தில், தண்டவாளத்தில் கட்டப்பட்டவனைப் பெண்ணொருத்தி காப்பாற்றுகிறாள். இத்தகைய உச்சக்காட்சிகளே சுவரொட்டிக்கு உரியவையாயின.

இவ்வகை நாடகத்தின் பெயராகிய 'மெலோடிராமா'வை 'மிகையுணர்ச்சி நாடகம்' எனப் பெயர்ப்பது இன்று வழக்கம். திறனாய்வுக்கு இது பொருந்தும், சுவரொட்டிக்குப் பொருந்தாது. சுவரொட்டியில் அச்சொல் பழிப்பன்று, விற்பனைச் சொல். மிகையுணர்ச்சி என்று எழுதினால் குழுவின் உரிமையாளர் தம் சரக்கைத் தாமே இகழ்ந்தவராவார்.

'மெலோஸ்' என்பதற்குப் பாட்டு என்பது பொருளாதலின் 'சங்கீத நாடகம்' எனலாமோ எனின், அதுவும் இடர்ப்பாடுடையது. தமிழ்ச் சங்கீத நாடகத்தில் நடிகரே பாடுவர். அம்மரபைப் பின்பற்றியே மலையாளத்தில் டி. சி. அச்சுதமேனோனின் 'சங்கீத நைஷதம்' (1892) தோன்றிற்று, கே. சி. கேசவபிள்ளையின் 'சதாராம'வும் தமிழ்வழி வந்ததே. மேலை வகையிலோ, வசனத்திற்கும் செயலுக்கும் பின்னணியாகவே இசை பெரும்பாலும் ஒலித்தது. தமிழில் நிலைபெற்ற மரபொன்றின் பெயரை அயல் மரபிற்குச் சூட்டினால் இரண்டும் மயங்கும்.

ஆகவே சுவரொட்டி வாசகத்தில் 'மெலோடிராமா' என்பதை ஒலிபெயர்த்து நிறுத்துதலும், 'மிகையுணர்ச்சி நாடகம்' என்பதைத் திறனாய்வுரைக்கு ஒதுக்குதலும் தக்கன. கல்லச்சு போல வழக்கில் ஒரு சொல் விளையும்வரை கடன்சொல்லே நேர்மையானது.